மிட்டாயா? சிகரெட்டா?

சட்டத்தின் கண்ணில் படாத வெள்ளைக் குச்சி!

மார்கழி மாதம். காலை 7 மணி.

மாஞ்சோலை மலை முழுவதும் ஒரே பனி. அடுத்த லைன் வீடு கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் போகும் பையன் ஒருவன் பாதையில் நிற்கிறான். வயது 8 இருக்கும். தலையில் குல்லாய். தோளில் பை. இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் குச்சி. குச்சியின் நுனி சிவப்பு!

பையன் குச்சியை உதட்டில் வைக்கிறான். கண்ணைச் சுருக்குகிறான். இழுக்கிறான். பிறகு முகத்தை மேலே தூக்கி "பூ" என்று ஊதுகிறான்.

வாயில் இருந்து வெள்ளை வெள்ளையாகப் புகை வருகிறது!

எதிரே வந்த தாத்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏலே! என்னலே அது கையில?"

"மிட்டாய் தாத்தா!"

"மிட்டாயா? பொகை வருதே?"

"பொகை இல்ல தாத்தா, பனி! வாயைத் திறந்து ஊதினா எல்லாருக்கும் வரும். நீங்களும் ஊதிப் பாருங்க!"

தாத்தா சிரித்து விட்டார். பையன் குச்சியைக் கடித்துத் தின்று விட்டு ஓடி விட்டான்.

தேயிலை எஸ்டேட் நடந்த காலத்து மாஞ்சோலையில் இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். மலைக்கு மேலே மட்டும் அல்ல. கீழே ஊர் ஊராகப் பெட்டிக்கடை இருந்த தெருக்களில் எல்லாம் பிள்ளைகள் இந்த விளையாட்டை விளையாடினார்கள். பனி இல்லாத ஊரில் வாயாலேயே "பூ" என்று சத்தம் போட்டுக் கொண்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

தாத்தா சிரித்தார். சரி. ஆனால் ஒரு கேள்வி.

மிட்டாய் தின்பதற்குக் கண்ணைச் சுருக்க வேண்டியது இல்லை. இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடிக்க வேண்டியது இல்லை. முகத்தைத் தூக்கி ஊத வேண்டியதும் இல்லை. இதை எல்லாம் அந்தப் பையன் எங்கே கற்றான்?

பெரியவர்களைப் பார்த்துக் கற்றான். மிட்டாய் அவனுக்கு ஒத்திகை நடத்திக் கொடுத்தது!

இந்த மிட்டாயைச் சட்டம் போட்டுத் தடுக்கலாமா? சில நாடுகள் தடுத்து இருக்கின்றன. நம் நாட்டில் என்ன நிலை? பார்ப்போம்.

மிட்டாய் பிறந்த கதை

சிகரெட் மிட்டாய் புதிய சரக்கு அல்ல. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரக்கு. அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற பெரிய சாக்லேட் கம்பெனி 1890-களிலேயே சாக்லேட்டில் சிகரெட்டும் சுருட்டும் செய்து விற்றது.

பிறகு சர்க்கரைக் குச்சி வந்தது. செய்முறை எளிது. சர்க்கரைப் பொடி, குளுக்கோஸ், மாவுச்சத்து, கொஞ்சம் ஜெலட்டின், கொஞ்சம் புதினா வாசனை. இவற்றை மாவு போலப் பிசைவார்கள். முறுக்குப் பிழிவது போல நீளமாகப் பிழிவார்கள். காய வைத்து வெட்டுவார்கள். நுனியில் சிவப்புச் சாயம் தொட்டால் நெருப்பு வந்து விடும்! சிறிய அட்டைப் பெட்டியில் அடுக்கினால், பார்ப்பதற்கு அசல் சிகரெட் பெட்டி!

இன்னொரு வகையும் உண்டு. அது சுவிங்கம் குச்சி. அதற்கு மேல் காகிதம் சுற்றி இருக்கும். காகிதத்துக்கு உள்ளே கொஞ்சம் சர்க்கரைத் தூள் இருக்கும். வாயில் வைத்து ஊதினால் தூள் பறக்கும். புகை விட்டது போலவே இருக்கும்!

இந்தியாவில் இந்த வகை மிட்டாய்களில் பெயர் பெற்றது "ஃபாண்டம்". ஃபாண்டம் என்பவர் முகமூடி போட்ட படக்கதை வீரர். தமிழ்ப் படக்கதைகளில் "மாயாவி" என்ற பெயரில் வந்தவர் இவரே. கெட்டவர்களைக் குத்தி வீழ்த்தும் வீரர் பெயரில் சிகரெட் மிட்டாய் என்றால் பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்? சில்லறையை எடுத்துக் கொண்டு கடைக்கு ஓடினார்கள்.

பின்னாளில் உலகம் எங்கும் பல பெட்டிகளில் "சிகரெட்" என்ற சொல் மறைந்தது. "இனிப்புக் குச்சி" என்று பெயர் மாறியது. பெயர் போயிற்று. உருவம் போகவில்லை!

கம்பெனிகள் போட்ட கணக்கு

"பிள்ளைகள் விளையாட்டு. இதில் என்ன இருக்கிறது?" என்று நாம் நினைக்கிறோம். சிகரெட் கம்பெனிகள் அப்படி நினைக்கவில்லை.

அமெரிக்க சிகரெட் கம்பெனிகளின் பழைய கடிதங்களும் குறிப்புகளும் வழக்குகளின் காரணமாக வெளியே வந்தன. அவற்றை ஆராய்ந்த டாக்டர்கள், 2000-ம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள்.

அதில் வெளிவந்த செய்தி இது: மிட்டாய்க்காரர்கள் தங்கள் சிகரெட்டின் பெயரையும் பெட்டியின் உருவத்தையும் காப்பி அடிப்பது சிகரெட் கம்பெனிகளுக்குத் தெரியும். சில கம்பெனிகள் அதற்கு அனுமதி கொடுத்தன. சில கம்பெனிகள் கண்டும் காணாதது போல இருந்தன.

சாதாரணமாக ஒரு கம்பெனியின் பெயரை இன்னொருவர் திருடினால் என்ன நடக்கும்? வக்கீல் நோட்டீசு பறக்கும்! இங்கே பறக்கவில்லை. ஏன்? காசு இல்லாமல் விளம்பரம்! அதுவும், நாளைக்கு வாங்கப் போகிறவர்களிடம் விளம்பரம்!

"நானும்தான் தின்றேன்!"

"சின்ன வயதில் நானும்தான் இந்த மிட்டாயைத் தின்றேன். இன்று வரை பீடி, சிகரெட்டைத் தொட்டது இல்லை" என்று சிலர் சொல்லுவார்கள். அது உண்மைதான். அப்படிப்பட்டவர்கள் ஏராளம்.

இதைப் பற்றியும் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அமெரிக்காவில் 25,000-க்கு மேற்பட்ட பெரியவர்களைக் கேட்டார்கள். முடிவு 2007-ல் வெளியாயிற்று.

சிகரெட் பிடிக்கிறவர்களிலும், பிடித்து விட்டவர்களிலும் 100-க்கு 88 பேர் சிறு வயதில் சிகரெட் மிட்டாய் தின்றவர்கள். சிகரெட்டையே தொடாதவர்களில் 100-க்கு 78 பேர் தின்றவர்கள்.

இந்தக் கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். மிட்டாய் தின்றவர் எல்லாரும் புகை பிடிக்கவில்லை. மிட்டாய்தான் புகைக்கு ஒரே காரணம் என்றும் இது சொல்லவில்லை. ஆனால் புகைக்கும் மிட்டாய்க்கும் ஏதோ ஓர் உறவு இருக்கிறது என்று சொல்லுகிறது.

ஒரு பிள்ளை சிகரெட்டை முதல் தடவை பார்க்கும்போது பயப்பட வேண்டும். "இது நமக்கு ஆகாது" என்று விலக வேண்டும். மிட்டாய் என்ன செய்கிறது? அந்தப் பயத்தைத் தேனில் குழைத்துக் கொடுத்து விடுகிறது. விரலுக்குப் பழக்கம். உதட்டுக்குப் பழக்கம். பிறகு ஒரு நாள் கூட்டாளி அசல் சிகரெட்டை நீட்டும்போது, கை அதைப் புதிய பொருளாக நினைப்பது இல்லை.

பத்து வயதுக்கு முன்னே!

"சின்னப் பிள்ளைகள் எங்கே புகை பிடிக்கப் போகிறார்கள்?" என்று கேட்கலாம். அடுத்த கணக்கைப் பாருங்கள்.

இந்தியாவில் 13 வயது முதல் 15 வயது வரை உள்ள பள்ளி மாணவர்களிடம் 2019-ல் ஓர் ஆய்வு நடந்தது. மத்திய அரசாங்கத்தின் சுகாதார இலாகாவுக்காக நடந்த ஆய்வு அது. அதில் 100-க்கு 8 அல்லது 9 பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலை உபயோகித்து வந்தார்கள் என்று தெரிந்தது.

அது பெரிது அல்ல. இன்னொரு செய்திதான் நெஞ்சைத் திடுக்கிட வைக்கிறது. சிகரெட் பிடித்த மாணவர்களில் 100-க்கு 38 பேர் பத்து வயது நிறைவதற்கு முன்பே அதைத் தொட்டவர்கள்! பீடி குடித்தவர்களில் 100-க்கு 47 பேர்! வாயில் அடக்கும் புகையிலைக்காரர்களில் 100-க்கு 52 பேர்!

பத்து வயதுக்கு முன்னே என்றால் நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. அதாவது, மிட்டாய் தின்கிற வயது!

புகையிலையால் இந்தியாவில் ஆண்டுதோறும் 13 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சாகிறார்கள். அந்தச் சாவின் முதல் படி எங்கே இருக்கிறது என்று இந்தக் கணக்கு காட்டுகிறது.

14 ஆண்டு நீடித்த தடை

சிகரெட் மிட்டாயைச் சட்டம் போட்டுத் தடுத்த கதை பழையது. அமெரிக்காவில் வடக்கு டகோட்டா என்று ஒரு மாகாணம் உண்டு. அங்கே 1953-ல் சிகரெட் மிட்டாய் விற்பதைத் தடை செய்தார்கள். புகை பிடித்தால் புற்றுநோய் வரும் என்று அமெரிக்க அரசாங்கம் ஊர் அறிய அறிக்கை வெளியிட்டது 1964-ல்தான். அதற்கு 11 ஆண்டு முன்பே இந்தத் தடை!

ஆனால் தடை நிலைக்கவில்லை. 1967-ல் அதை நீக்கி விட்டார்கள். பிறகு அமெரிக்கா முழுவதற்கும் சட்டம் கொண்டுவர 1970-லும் 1991-லும் முயற்சி நடந்தது. இரண்டும் தோற்றுப் போயின. 2009-ல் அமெரிக்கா புதிய புகையிலைச் சட்டம் போட்டது. மிட்டாய் வாசனை, பழ வாசனை உள்ள அசல் சிகரெட்டை அது தடுத்தது. சிகரெட் போன்ற மிட்டாயை அது தொடவில்லை!

மற்ற நாடுகள் துணிந்து முன்னே போயின.

தாய்லாந்து 1992-ல் சட்டம் போட்டது. சிகரெட், சுருட்டு ஆகியவற்றின் போலி போலத் தோன்றும் பொருளைச் செய்யவோ, விற்பனைக்கு இறக்குமதி செய்யவோ, விளம்பரம் செய்யவோ கூடாது என்றது.

அயர்லாந்து 2002-ல் போட்ட சட்டத்தில், புகையிலைப் பொருளின் சாயலில் பிள்ளைகளுக்கு மிட்டாய் செய்து விற்கக் கூடாது என்று ஒரு பிரிவு சேர்த்தது.

சிங்கப்பூர்ச் சட்டமும் அப்படியே. புகையிலைப் பொருளைப் போல உருவாக்கிய மிட்டாய், தின்பண்டம், பொம்மை எதையும் அங்கே இறக்குமதி செய்ய முடியாது. விற்க முடியாது. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. மிட்டாயையும் பொம்மையையும் தடுக்கப் போட்ட அந்தப் பிரிவு, பின்னாளில் மின் சிகரெட் வந்தபோது கை கொடுத்தது. "இதுவும் சிகரெட்டின் போலிதானே!" என்று சொல்லி அதையும் சிங்கப்பூர் வாசலிலேயே நிறுத்தியது. சிறிய பொருள் என்று விட்டுவிடாமல் போட்ட சட்டம், பெரிய பொருள் வந்தபோது அரணாக நின்றது!

உலக நாடுகள் கூடி 2003 மே மாதம் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் ஒன்று செய்தன. அதன் 16-வது பிரிவு, பிள்ளைகளைக் கவரும் புகையிலை உருவ மிட்டாய், தின்பண்டம், பொம்மை ஆகியவற்றைச் செய்வதையும் விற்பதையும் நாடுகள் தடை செய்யலாம் என்று வழி காட்டுகிறது. இந்தியா 2004 பிப்ரவரியில் இந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. கவனியுங்கள்: "செய்யலாம்" என்றுதான் இருக்கிறது. "செய்தே தீர வேண்டும்" என்று இல்லை.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் புகையிலைக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. நிறைய இருக்கிறது. குடும்பத்தார் எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை இவை:

2003-ல் பாராளுமன்றம் சிகரெட் மற்றும் புகையிலைப் பொருள் சட்டத்தை நிறைவேற்றியது. இதன்படி 18 வயது ஆகாதவருக்குப் பீடி, சிகரெட், புகையிலை விற்கக் கூடாது. பள்ளிக்கூடம், கல்லூரியைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்கவே கூடாது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம்.

2011-ல் வந்த விதி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 18 வயது ஆகாதவர்கள் கடையில் இந்தச் சரக்கை எடுத்துக் கொடுக்கவும் கூடாது. பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி வைக்கவும் கூடாது.

"அப்பாவுக்கு ஒரு கட்டு பீடி" என்று பையன் வந்து கேட்டாலும் கடைக்காரர் கொடுக்கக் கூடாது. யார் குடிக்கப் போகிறார் என்பது கேள்வி அல்ல. யார் கையில் கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

2015-ல் வந்த சிறார் நீதிச் சட்டம் மிகக் கடுமையானது. ஒரு குழந்தைக்கு மதுவோ போதை மருந்தோ புகையிலைப் பொருளோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல் ஜெயில்! ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு!

தின்பண்டத்தில் புகையிலை கலப்பதை 2011-ல் வந்த உணவு விதி தடுக்கிறது. அந்த விதியைக் காட்டித் தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் 2013-ல் தடை செய்யப்பட்டன. மின் சிகரெட்டுக்கு 2019-ல் நாடு முழுவதும் தடை வந்தது. அதை விற்றால் முதல் தடவைக்கே ஓர் ஆண்டு வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்!

இத்தனை சட்டங்களிலும் சிகரெட் மிட்டாய் எங்கே? 2003-ம் ஆண்டுச் சட்டத்தை முதலில் இருந்து கடைசி வரை படித்தாலும் மிட்டாயைப் பற்றிப் பேச்சே இல்லை!

சாயம் தெரிகிறது! சாயல் தெரியவில்லை!

இதற்குக் காரணம் உண்டு. நம் சட்டம் ஒரு பொருளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. பொருளின் உருவத்தைப் பார்ப்பது இல்லை.

பஞ்சு மிட்டாய்க் கதை நினைவு இருக்கும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் அதில் கலந்து இருந்தது. சோதனைச் சாலையில் சாயம் தெரிந்தது. சட்டம் பாய்ந்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் "புகை பிஸ்கட்" பற்றி எச்சரிக்கை வந்தது. பிஸ்கட்டின் மேல் திரவ நைட்ரஜனை ஊற்றிக் கொடுப்பார்கள். அது உறை பனியைவிடப் பல மடங்கு குளிர்ந்த பொருள். பிள்ளைகள் பிஸ்கட்டை வாயில் போட்டு மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் "புகை" விட்டு மகிழ்ந்தார்கள். அது வாயையும் வயிற்றையும் புண்ணாக்கி விடும். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை இதைக் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது.

இரண்டிலும் உள்ளே இருந்த பொருள் கெட்டது. ஆகவே சட்டத்துக்குப் பிடி கிடைத்தது.

சிகரெட் மிட்டாயைச் சோதனைச் சாலைக்கு அனுப்பினால் என்ன வரும்? "சர்க்கரை இருக்கிறது. மாவு இருக்கிறது. புகையிலை இல்லை" என்று வரும். சாயம் சரியான சாயமாக இருந்தால் உணவுச் சட்டத்தில் அது நல்ல மிட்டாய்!

அதிகாரியின் கண் உள்ளே பார்க்கிறது. குழந்தையின் கண் வெளியே பார்க்கிறது. குழந்தை சர்க்கரையைப் பார்ப்பது இல்லை. சிகரெட்டைப் பார்க்கிறது! இந்த இடைவெளியில்தான் வெள்ளைக் குச்சி நுழைந்து கொண்டது.

"துப்பாக்கி பொம்மை இல்லையா?"

இதற்கு மறுப்பும் உண்டு. "பிள்ளைகள் துப்பாக்கி பொம்மை வைத்து விளையாடுகிறார்கள். அதனால் கொலைகாரர் ஆகி விடுகிறார்களா? சர்க்கரைக் குச்சிக்கு எதற்குச் சட்டம்?" என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. பதிலும் எளிது. அசல் துப்பாக்கி தெருமுனையில் விற்பது இல்லை. அசல் பீடியும் சிகரெட்டும், மிட்டாய் விற்கும் அதே கடையில், அதே பலகையில் விற்கின்றன! பொம்மைத் துப்பாக்கியில் இருந்து அசல் துப்பாக்கிக்குத் தூரம் அதிகம். மிட்டாய் சிகரெட்டில் இருந்து அசல் சிகரெட்டுக்கு ஒரு முழம் தூரம்தான்.

பெட்டிக்கடைக்காரர் மேல் முழுப் பழியையும் போடுவதும் சரி அல்ல. அவருக்கு அது பத்தோடு பதினொன்று. மொத்தக் கடையில் கிடைக்கிறது, வாங்கி வைக்கிறார். செய்கிற இடத்திலேயே உருவத்தை மாற்றச் சொன்னால் கடைக்காரருக்கு நஷ்டம் இல்லை. அதே சர்க்கரை, அதே மாவு. குச்சிக்குப் பதில் மீனாகச் செய்யலாம், கிளியாகச் செய்யலாம். சட்டம் கேட்பது இவ்வளவுதான்.

பீடி சுற்றும் சீமை

நெல்லைச் சீமைக்கு இந்த விஷயம் மற்ற ஊர்களைவிட நெருக்கமானது. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் என்று இந்தப் பக்கத்தில் பீடி சுற்றாத ஊர் குறைவு. பெண்கள் கடையில் இலையும் தூளும் வாங்கி வருவார்கள். இலையை நனைத்து, அளவு பார்த்து வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டுவார்கள். அந்தக் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

அவர்கள் உழைப்புக்கு யாரும் குறை சொல்ல முடியாது. பீடித் தொழிலாளருக்கு என்று 1966-ல் தனிச் சட்டமும், 1976-ல் நல நிதிச் சட்டமும் வந்தன. பிள்ளைகளின் படிப்புக்கு உதவித் தொகை கிடைக்க அந்த நிதி வழி செய்தது.

ஆனால் பீடி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பதும் உண்மை. தவழும் பிள்ளையின் கைக்குத் தூள் எட்டுகிறது. நடக்கும் பிள்ளை இலைத் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துப் பார்க்கிறது. பெரியவர்கள் சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு மிட்டாய் சிகரெட் கூட வேண்டியது இல்லை. விளையாட்டுச் சாமான் வீட்டிலேயே கிடைத்து விடுகிறது!

இன்னும் ஒன்று. "பீடி சிறியது, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை" என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. பீடியில் தூள் குறைவுதான். ஆனால் இலை எளிதில் அணைந்து விடும் என்பதால் அடிக்கடி இழுக்க வேண்டும். ஆகவே சிகரெட்டை விட அதிக நஞ்சு நெஞ்சுக்குள் போகிறது.

மலை இறங்கிய பிள்ளைகள்

இனி மாஞ்சோலைக்குத் திரும்புவோம்.

மணிமுத்தாறு அணைக்கு மேலே இருக்கிறது மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடம் இருந்து பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு 8,000 ஏக்கருக்கு மேல் எடுத்தது. காட்டைத் திருத்தித் தேயிலை போட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று குடியிருப்புகள் எழுந்தன. தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர்கள் அங்கே கொழுந்து பறித்தார்கள்.

2024-ல் எஸ்டேட் வேலை நின்றது. மிகப் பல குடும்பங்கள் மூட்டை முடிச்சுடன் மலை இறங்கின. அடிவாரத்து ஊர்களுக்கும் வெளியூர்களுக்கும் போயின.

பெரியவர்களுக்கு வேலைக் கவலை, வீட்டுக் கவலை. அதிலே பிள்ளைகளின் கவலை ஒன்று மறைந்து போகும். மலையில் கடைகளை விரல் விட்டு எண்ணி விடலாம். கடைக்காரருக்கு ஒவ்வொரு பிள்ளையையும் தெரியும். "நீ இன்னார் பேரன்தானே? உனக்கு எதுக்குலே இது?" என்று கேட்பார். அந்தக் கேள்வியே ஒரு வேலி!

கீழே அப்படி இல்லை. தெருவுக்கு நாலு கடை. பிள்ளையின் கையில் காசு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க ஆள் இல்லை. புது ஊரில் கூட்டாளி வேண்டும் என்று ஏங்கும் பையன், கூட்டாளிகள் செய்வதை எல்லாம் செய்வான். மலை இறங்கிய பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல. பிழைப்புக்காக ஊர் மாறும் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

வீட்டுச் சட்டம்

அரசாங்கம் சட்டம் போடட்டும். போட வேண்டும். பொருளின் உள்ளே பார்க்கும் சட்டம் உருவத்தையும் பார்க்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அது வரும் வரை வீட்டுக்குள் நாம் ஒரு சட்டம் போட்டுக் கொள்ளலாம். அதற்கு ஓட்டு எடுக்க வேண்டியது இல்லை. கோர்ட்டும் தேவை இல்லை.

ஒன்று: பீடி, சிகரெட் வாங்கப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். தீப்பெட்டி எடுத்து வரவும் சொல்லாதீர்கள்.

இரண்டு: பிள்ளை குச்சியை வாயில் வைத்து ஊதினால் சிரிக்காதீர்கள். கை தட்டாதீர்கள். படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பாதீர்கள். அடிக்கவும் வேண்டாம். "இது போல அசலைக் குடித்தவர்களுக்கு நெஞ்சு என்ன ஆயிற்று தெரியுமா?" என்று பக்கத்தில் உட்கார்த்திச் சொல்லுங்கள்.

மூன்று: பள்ளிக்கூடத்துக்கு அருகே 100 கெஜத்துக்குள் புகையிலை விற்றால் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். போலீசிலும் சொல்லலாம். அது கோள் சொல்வது அல்ல.

நான்கு: மிட்டாய் கேட்கும் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுங்கள். நம் பக்கத்து மிட்டாய்க்கு என்ன குறைச்சல்? கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு பெற்று இருக்கிறது. கருப்பட்டி மிட்டாய் இருக்கிறது. எள்ளு மிட்டாய் இருக்கிறது. எதையும் இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடிக்க வேண்டியது இல்லை!

ஐந்து: இதுதான் கடினமான சட்டம். வீட்டுப் பெரியவர் பீடியைக் கீழே போட வேண்டும். போட முடியாவிட்டால், பிள்ளையின் கண் முன்னால் பற்ற வைக்காமலாவது இருக்க வேண்டும்.

பனிப் பாதையில் நின்ற பையனை மறுபடியும் நினைத்துப் பாருங்கள்.

தாத்தா சிரிக்காமல், "கண்ணைச் சுருக்கி இழுக்க யாருலே உனக்குச் சொல்லித் தந்தா?" என்று கேட்டு இருந்தால் பையன் என்ன சொல்லி இருப்பான்?

"நீங்கதான் தாத்தா!"

தாத்தாவின் சட்டைப் பையில் பீடிக் கட்டு இருந்தது.